செம்பு பாய்லர் போய் சோலார் ஹீட்டர் வந்த கதை: சரியாக வர இரண்டு மார்கழி பிடித்தது

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. காலை ஐந்தரை மணிக்குச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, வாளியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 53 டிகிரி. நேற்று 52, முந்தாநாள் 54. போன மார்கழியில் இதே நேரத்துக்கு 39தான் வந்தது. வீட்டில் சின்னவர்கள் எப்படியோ சமாளித்தோம். ஆத்தாவுக்கு மட்டும் தினமும் கேஸ் அடுப்பில் தனியாகக் காய வைத்துக் கொடுத்தோம். இந்த வருடம் அந்த வேலை இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு செம்பு பாய்லர் இருந்தது. அப்பாரு (அப்பாவின் அப்பா) 1974-ல் வாங்கியது. 45 லிட்டர் பிடிக்கும். நடுவில் மூன்றங்குலப் புகைக்குழாய், அடியில் வார்ப்பிரும்புச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு. மேலே புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போகும். பக்கத்து மூக்கு வழியாக ஒரு குடம் சுடுதண்ணீர் வெளியே வரும். ஊற்றினால்தான் வரும் என்பதால் பாய்லர் ஒருநாளும் வெறுமையாகக் காயாது. இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தேங்காய்த் தொட்டி ஆறு, காய்ந்த மட்டை ஒரு துண்டு, பற்ற வைக்கக் கொஞ்சம் பன்னாடை. இருபத்தைந்து நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு வந்துவிடும். தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதில் காசுச் செலவு ஒன்றுமே இல்லை. இப்போது தொட்டியைக் கரி சுடுகிறவர்கள் எடை போட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்; எரிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கத் தோன்றும். அவ்வளவுதான்.

2023 தை மாதம் சாம்பல் தட்டில் ஈரம் தெரிந்தது. புகைக்குழாய் உள்பக்கம் ஒழுகியது. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பற்றவைத்துக் கொடுத்தார்கள், 900 ரூபாய். மூன்று வாரத்தில் அதற்கு நாலு விரல் மேலே இன்னொரு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. திரும்பப் போனபோது பட்டறைப் பெரியவர் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். தகடு முழுக்கத் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. "ஒரு பக்கம் பத்த வச்சா அந்தச் சூட்டுலயே அடுத்த பக்கம் விட்டுருமுங்க. குழாயவே புதுசாப் போடோணும். அதுக்கு ஆகுற காசு உங்களுக்குக் கட்டாதுங்க" என்றார். இரண்டாவது தடவை அவர் காசு வாங்கவில்லை.

அவசரத்துக்கு 25 லிட்டர் கரண்ட் கெய்சர் ஒன்று வாங்கி மாட்டினேன். 8,400 ரூபாய். பதினாலு மாதத்தில் தண்ணீர் சுடுவது குறைந்து, ஒருநாள் கரண்டைத் துண்டிக்கிற எம்சிபி சுவிட்ச் விழுந்தது. எலிமெண்டைக் கழற்றினால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக ஒரு விரல் தடிமனுக்கு உப்பு. உள்ளே சுருள் இருக்கிற இடமே தெரியவில்லை. தொட்டி துருப்பிடிக்காமல் காக்கக் கூடவே இருக்க வேண்டிய மக்னீசியக் கம்பி கரைந்துபோய் நடு இரும்பு மட்டும் நின்றது. இரண்டையும் மாற்ற 1,350 ரூபாய். எங்கள் போர் தண்ணீரை, கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் வைத்தால் 1,380 காட்டும். பஞ்சாயத்துக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் ஆற்றுத் தண்ணீர் 160. இந்த இரண்டு எண்களையும் கெய்சர் வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். மீட்டர் 300 ரூபாய்தான்.

சரி, சோலார் போட்டுவிடலாம் என்று 2024 சித்திரையில் முடிவெடுத்தோம். வீட்டில் ஐந்து பேர். 200 லிட்டர், கண்ணாடிக் குழாய் வகை. 58 மில்லிமீட்டர் விட்டமும் ஆறடி நீளமும் உள்ள குழாய்கள் இருபது. மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து இறக்கியது வரை 36,500 ரூபாய். மாடியிலிருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் சூடு தாங்குகிற முக்கால் அங்குல சிபிவிசி குழாய், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 7,200. சுடுதண்ணீருக்குச் சாதாரண பிவிசி ஆகாது, இளகித் தொங்கிவிடும். அதில் மட்டும் நான் ஆரம்பத்திலிருந்தே கறாராக இருந்தேன்.

மாட்டிய மறுநாள் சாயங்காலம் 66 டிகிரி. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆத்தா மட்டும், "சூடு இருக்குது கண்ணு, ஆனா பாய்லர் தண்ணி மாதிரி ஒடம்புல ஒட்டல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் கோளாறு தெரிந்தது. சில நாள் காலையில் சுடுதண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வந்தது. ஒருநாள் சமையலறைப் பச்சைத்தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர் வந்தது. ஹீட்டரில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அதையே நோண்டினேன். மூன்றாம் நாள் தோட்டத்துக்கு வழக்கமாக வரும் பிளம்பர் தம்பி மாடி ஏறி, டேப்பைப் பிடித்து இரண்டே அளவு எடுத்தார். சோலார் தொட்டியின் உச்சி தரையிலிருந்து 4 அடி 9 அங்குலம். எங்கள் ஆயிரம் லிட்டர் டேங்க் உட்கார்ந்திருக்கிற மேடை 3 அடி.

"அண்ணா, உங்க டேங்க் தாழ்வா இருக்குதுங்க. டேங்க்ல தண்ணி பாதிக்குக் கீழ எறங்குச்சுன்னா சோலாருக்கு ஏறாதுங்க. அதுல இருக்கிறதும் திரும்பி எறங்கிரும்."

அவர் சொன்னது அப்படியே சரி. டேங்க் நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் ஆறே முக்கால் அடியில் நிற்கும்; சோலார் நிறையும். நாங்கள் பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் எடுத்து, மட்டம் 4 அடி 9 அங்குலத்துக்குக் கீழே போனதும் சுடுதண்ணீர் நின்றுவிடும். அதற்கும் கீழே போனால் சோலாரில் உள்ள தண்ணீர் ஒரே லைன் வழியாகப் பின்னால் வந்து பச்சைக் குழாயில் கொட்டும். ஹீட்டர் கொண்டுவந்து பொருத்தியவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாடியில் டேங்க் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன், அதோடு முடிந்தது.

மேடையை உயர்த்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வைகாசியில் போர் மோட்டார் காயில் போய்விட்டது. இரண்டு நாள் தண்ணீர் ஏற்றவில்லை. சோலார் தொட்டி காலி. குழாய்களுக்குள் மிச்சமிருந்த தண்ணீர் வெயிலில் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. காயில் கட்டி வந்து மோட்டாரை மாட்டும்போது மத்தியானம் ஒன்றரை மணி. தண்ணீர் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் உடனே போட்டுவிட்டேன். டேங்க் முக்கால்வாசி ஏறியதும் மாடியில் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. காய்ந்து கிடந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு குழாய் போய்விட்டது. ஒரு குழாய் உடைந்தாலே தொட்டித் தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியே கொட்டிவிடும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாருவின் பாய்லர் காயாமலே ஐம்பது வருடம் ஓடியதை அன்று சாயங்காலம் கண்ணாடித் துண்டு பொறுக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

குழாய் மாற்றுவது கடினமான வேலை இல்லை, நானே மாற்றினேன். குழாய் ஒன்று 650 ரூபாய். தொட்டித் துளையில் இருக்கும் சிலிக்கான் வளையத்தைத் துடைத்து, குழாயின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். தூசி மூடி வளையத்தைக் குழாயில் முதலிலேயே ஏற்றிவிட வேண்டும். மறந்தால் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும். அப்புறம் குழாயை மேல்நோக்கித் திருகிக்கொண்டே ஏற்றி, அடிப்பக்கத்தைக் கிண்ணத்தில் உட்கார வைக்க வேண்டும். தள்ளக் கூடாது, திருக வேண்டும். விடியற்காலையில் மட்டும் செய்ய வேண்டும். குழாயின் அடி நுனியில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வெள்ளிப் பூச்சு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் குழாயின் இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவில் இருக்கிற வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். உடையாவிட்டாலும் அந்தக் குழாயால் பயன் இல்லை. மற்ற பதினெட்டையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் வெள்ளியாகவே இருந்தன.

அடுத்தது டேங்க். இங்கேதான் கெய்சர் கற்றுக்கொடுத்த பாடம் கைகொடுத்தது. ஆயிரம் லிட்டர் டேங்கை உயர்த்தினால் உயரப் பிரச்சினை தீரும். ஆனால் அதே உப்புத் தண்ணீர்தான் சோலாருக்குப் போகும். ஆற்றுத் தண்ணீரைத் தனியாக ஏற்றலாமா என்று கணக்குப் போட்டேன். குளிக்க நாங்கள் கலந்து ஊற்றுவது 40 டிகிரிக்குப் பக்கம். தொட்டியில் 60, பச்சைத் தண்ணீர் 26 என்று வைத்தால் இருபது லிட்டர் வாளியில் எட்டு லிட்டர்தான் சுடுதண்ணீர். ஆளுக்கு இரண்டு வாளி என்றாலும் ஐந்து பேருக்கு 80 லிட்டர். நல்ல தண்ணீர் அந்த எண்பதுக்கு மட்டும் போதும். கலக்கிற மீதி உப்புத் தண்ணீராகவே இருந்துவிட்டுப் போகட்டும். பாத்திரம் கழுவுவதைச் சேர்த்து நாளுக்கு 100 லிட்டர். ஐந்நூறு லிட்டர் டேங்க் ஐந்து நாள் தாங்கும். ஆற்றுத் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது. கணக்கு இடித்துக்கொண்டு நின்றாலும் நின்றது.

உடுமலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஆறரை அடி உயரத்துக்கு ஆங்கிள் ஸ்டாண்ட் அடித்தேன். 50-க்கு 50, ஆறு மில்லிமீட்டர் ஆங்கிள், நாலு பக்கமும் குறுக்குப் பட்டை. 12,800 ரூபாய். தண்ணீரோடு அரை டன்னுக்கு மேல் வரும் என்பதால் மாடியின் நடுவில் வைக்கவில்லை. கீழே இரண்டு சுவர் சேர்கிற மூலைக்கு நேர் மேலே வைத்தேன். தளத்தைத் துளைத்து போல்ட் போட்டால் ஒழுகும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிக் கான்கிரீட் கட்டை ஊற்றி அதில் போல்ட்டைப் பதித்தோம். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக எங்கள் பக்கம்தான் வரும். சுற்றிலும் காற்றாலை நட்டிருப்பது அதனால்தான். காலி டேங்க் பறக்காமல் இருக்க இரும்புப் பட்டை போட்டு ஸ்டாண்டோடு கட்டினேன். டேங்க் 4,100, வால்வும் குழாயும் 3,900, பிளம்பருக்கும் கையாளுக்கும் சேர்த்து 4,800.

சோலாருக்குப் போகிற லைன் இந்தச் சின்ன டேங்கிலிருந்து மட்டும். வேறு எந்தக் குழாய்க்கும் கிளை கிடையாது. நடுவில் தண்ணீரைத் திரும்பி வர விடாத பித்தளை நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று. சோலார் தொட்டியிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேறுகிற காற்றுக் குழாய் சின்ன டேங்கின் நிறைமட்டத்துக்கு மேலே போக வேண்டும் என்று தெரிந்தும் அளவைத் தவறவிட்டு முதலில் குட்டையாக வெட்டிவிட்டோம். டேங்க் நிறைந்ததும் அது வழியாகத் தண்ணீர் வழிந்தது. இரண்டடி ஒட்டிப் பதினொரு அடிக்குக் கொண்டுபோய் நுனியைக் கீழ்நோக்கி வளைத்தோம். குளியலறையில் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தருகிற மிக்சர் டேப் வைக்கவில்லை. இரண்டு டேங்குக்கும் உயரம் வேறு. மிக்சர் வைத்தால் சுடுதண்ணீர் பச்சை லைனுக்குள் தள்ளிக்கொண்டு போகும். தனித்தனிக் குழாய், நடுவில் வாளி. எங்களுக்கு அதுதான் பழக்கமும்.

ஆனியிலிருந்து கார்த்திகை வரை ஒரு குறையும் இல்லை. சாரல் பிடிக்கிற நாட்களில் மட்டும் தொட்டியில் இருக்கிற 2 கிலோவாட் ஹீட்டரை இரவு இரண்டு மணி நேரம் போட்டோம். நாலு யூனிட் ஆகும்.

அப்புறம் மார்கழி வந்தது. வானம் சுத்தம், வெயிலும் நன்றாக இருந்தது, ஆனால் சாயங்காலம் 44 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. மறுபடி ஹீட்டரைச் சந்தேகப்பட்டேன். வெள்ளி நுனிகளைப் பார்த்தேன், ஒரு குழாயைக் கழற்றி உப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இரண்டு நாள் விடியற்காலையில் கண்ணாடிகளைத் துடைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வடாம் காய வைக்க மத்தியானம் மாடிக்குப் போன என் மனைவிதான் கூப்பிட்டுக் காட்டினாள். தெற்குப் பக்கத் தென்னையின் நிழல் குழாய்கள் மேல் முழுக்க விழுந்திருந்தது. அன்று உட்கார்ந்து குறித்தேன். பத்தே முக்காலுக்கு நிழல் ஏறுகிறது, ஒன்றேகாலுக்குத்தான் இறங்குகிறது. வெயிலின் நல்ல நேரம் அத்தனையும் போய்விடுகிறது.

நாங்கள் இடம் பார்த்தது சித்திரை மாதம். அப்போது எங்கள் ஊரில் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும். தென்னை நிழல் அதன் தூரிலேயே விழும். மாடி முழுக்கப் பளிச்சென்று இருந்ததால் எங்கே வைத்தாலும் சரி என்று, குழாய்ச் செலவு குறையத் தெற்கு ஓரத்திலேயே வைத்தோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், நிழல் வடக்கே நீளும் என்பது தோட்டத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழைக்குக் கன்று வைக்கும்போது பார்க்கிற இந்தக் கணக்கை மாடியில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மார்கழி உச்சியில் பத்தடி மூங்கிலை நட்டுப் பார்த்தேன். நிழல் ஆறே முக்கால் அடி. உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் தென்னை மாடித் தளத்துக்கு மேலே 33 அடி நிற்கிறது. நிழல் 22 அடி வரும். ஹீட்டர் இருந்தது மரத்திலிருந்து 18 அடியில். மரத்தை வெட்டிவிடலாம் என்று பக்கத்துத் தோட்டத்து மச்சான் சொன்னார். வருடம் நூறு காய்க்கு மேல் கொடுக்கிற மரம். அந்தப் பேச்சை ஆத்தா காதுக்குப் போக விடவில்லை. 2025 தையில் ஹீட்டரைத்தான் பதினாறு அடி வடக்கே தள்ளினோம். விடியற்காலையில் தண்ணீரை வடித்து, இருபது குழாயையும் கழற்றிச் சாக்கில் சுற்றி, சட்டத்தை நாலு பேர் தூக்கி வைத்தோம். புதுக்குழாயும் கூலியும் 5,500.

சோலார் பக்கம் மட்டும் கூட்டினால் 76,100 ரூபாய் வருகிறது. கெய்சருக்குப் போட்டது தனி. இவற்றில் ஹீட்டரைத் தள்ளி வைத்த செலவும் உடைந்த குழாயும் கெய்சரும் வேண்டாத செலவு. ஸ்டாண்ட், சின்ன டேங்க் இரண்டும் எப்படியும் ஆகியிருக்க வேண்டியவை; ஹீட்டர் விலை விசாரிக்கும்போதே அவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் சித்திரை, வைகாசியில் இடம் பார்க்காமல் மார்கழியில் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் ஆனி மாதப் பௌர்ணமி இரவில் மாடிக்குப் போங்கள். அன்றைய நிலா ஏறக்குறைய மார்கழிச் சூரியன் போகிற வழியிலேயே தாழ்வாகப் போகும். நடுஇரவில் எந்த மரத்தின் நிழல் எங்கே விழுகிறதோ, மார்கழி உச்சி வெயிலிலும் ஏறக்குறைய அங்கேதான் விழும். இது எனக்கு இந்த ஆனியில்தான் தெரிந்தது.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஹீட்டரைத் தள்ளி வைத்ததில் குளியலறைக்கு லைன் 45 அடி ஆகிவிட்டது. காலையில் குழாயைத் திறந்தால் முதலில் மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. சொம்பில் அளந்து பார்த்தேன். அரை அங்குலக் குழாய் போட்டால் அது பாதிக்கும் கீழே குறையும், ஆனால் மேலே இருந்து இறங்குகிற தண்ணீருக்கு வேகம் போதாது. இப்போதைக்கு அந்த மூன்றரை லிட்டரை ஒரு சின்ன வாளியில் பிடித்து ஆத்தா துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறார். வெளியே தெரிகிற குழாய்க்குக் கறுப்பு நுரை உறை அடி 28 ரூபாய் என்று சொன்னார்கள். பொங்கலுக்குள் சுற்றிவிட வேண்டும்.

செம்பு பாய்லர் பதினொரு கிலோ இருந்தது. பழைய சாமான்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். கொடுக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து அட்டாலியில் (பரணில்) ஏற்றி வைத்திருக்கிறேன். புகைக்குழாயை மட்டும் புதிதாகப் போட்டுத் தருகிறவர் யாராவது கிடைத்தால், சாரல் மாதத்துக்கு அதைத் திரும்ப பொடக்காலியில் இறக்க வேண்டும் என்று ஆத்தா சொல்லியிருக்கிறார்.